எர்பிலிலிருந்து மலைக்கு

கேள்வி: ஏப்ரலில் வேலையாக ஈராக்கிலுள்ள எர்பிலுக்குப் போகிறேன். மூன்று நாள் கையில் மிஞ்சும். குர்திஸ்தான் மலைப்பக்கம் எங்கே போகலாம்? கார் ஓட்டத் தெரியாது.

பதில்: மாதம் அருமை. பனி உருகி அருவிகளில் தண்ணீர் கொட்டும், சரிவெல்லாம் பச்சையாக இருக்கும். ஜூலையில் அதே மலை காய்ந்து பழுப்பாகிவிடும். அமேதி, ரவாண்டூஸ், சுலைமானியா என்று மூன்றையும் மூன்று நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள், பாதிப் பொழுது காரிலேயே போய்விடும். ரவாண்டூஸில் இரண்டு நாள் தங்குங்கள்.

போகும் வழியே பார்க்க வேண்டியதுதான். நியூசிலாந்துக்காரரான ஹாமில்டன் என்ற பொறியாளர் 1928 முதல் 1932 வரை இருந்து போட்ட சாலை அது, காலி அலி பேக் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து போகிறது. அங்குள்ள அருவியின் படம் 5,000 தினார் நோட்டில் இருக்கிறது. நோட்டைக் கையில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஷேர் டாக்ஸி நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். காலையில் சீக்கிரம் நிரம்பும். மதியத்துக்கு மேல் போனால் காலி சீட்டுக்கும் நீங்களே காசு கொடுக்க நேரும். அருவி பார்க்க நடுவழியில் நிறுத்த மாட்டார்கள். அதற்குத் தனி டாக்ஸிதான். எங்கெங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஊரே கம்பளமும் கறி சுடும் அடுப்புமாக ‘சேய்ரான்’ என்ற குடும்பச் சிற்றுலாவுக்குக் கிளம்பிவிடும், அருவிக்கரையில் வண்டி நகராது.

மூன்றாம் நாள் லாலிஷ். யாசிதிகள் என்ற பழைய சிறுபான்மைச் சமயத்தாரின் புனிதத் தலம். ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். ஏப்ரலில் கல்தரை ஈரமாகவும் சில்லென்றும் இருக்கும், தடித்த காலுறை இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள். வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

கேள்வி: தனியாக மலையேறலாமா?

பதில்: ஈரான் எல்லையை ஒட்டி, ஹல்குர்த் சிகரப் பக்கம், கூடவே கூடாது. 1980–88 ஈரான்-ஈராக் போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் கிடக்கின்றன. மழையும் பனிநீரும் மண்ணை அரித்து அவற்றைக் கீழே இழுத்து வரும் என்பதால், போன வருடம் நல்ல பாதையாக இருந்தது இந்த வருடம் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். ஒதுங்குவதற்குக்கூடப் பாதையை விட்டு விலகாதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்பு முக்கோணமோ சிவப்புச் சாயம் பூசிய கல்லோ கண்ணில் பட்டால், வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள்.

கேள்வி: சோதனைச்சாவடி, சாப்பாடு?

பதில்: அசல் பாஸ்போர்ட்டும் விசாவின் அச்சுப்படியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குர்திஸ்தான் தன்னாட்சிப் பகுதிக்கு மட்டுமான விசா, அதற்கு வெளியே உள்ள கிர்குக் நகரில் செல்லாது. சுலைமானியாவுக்குக் கிர்குக் வழியாகவும் போவார்கள் என்பதால், அங்கே போவதானால் டாக்ஸியில் ஏறும் முன்பே ‘டூகான் வழி’ என்று சொல்லிவிடுங்கள். சைவம் என்றால் இலையில் சுருட்டிய தோல்மாவைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே வெறும் சோறு என்று சொன்னாலும், பானைக்கு அடியில் ஆட்டெலும்பு அடுக்கியிருப்பார்கள். ரொட்டி, தயிர், அவித்த கொண்டைக்கடலை எங்கும் கிடைக்கும்.