இராயனின் காசும் கத்தரித்த பக்கங்களும்

அன்புள்ள சார்,

ஆமோஸ் தீர்க்கதரிசி பற்றி நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பேரரசுகளுக்கு எதிராக எழுதப்பட்ட பழைய புகார் மனுக்களில் பைபிளும் ஒன்று என்று அதில் சொல்லியிருந்தீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

நான் பாளையங்கோட்டைக்காரன். சிஎஸ்ஐ குடும்பம். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, கன்வென்ஷன் என்று எல்லாம் பார்த்தவன். நான் கேட்டு வளர்ந்த பைபிள் வேறு. "இராயனுடையதை இராயனுக்குக் கொடுங்கள்" என்பார்கள், இராயன் என்றால் ரோமப் பேரரசன். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று ரோமர் 13ஐ வாசிப்பார்கள். எமர்ஜென்சி காலத்திலும் அதையேதான் வாசித்தார்கள் என்று அப்பா சொல்வார். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று இருப்பதும் அதே புத்தகத்தில்தான். போதாததற்கு அது நம் ஊருக்கு வந்ததே வெள்ளைக்காரன் கப்பலில். ஆளுகிறவர்களின் புத்தகத்தில் நாலைந்து நல்ல வசனங்களைப் பொறுக்கி எடுத்து, அதைக் கலகப் புத்தகமாகக் காட்டுவது இந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் வந்த இறையியல் மோஸ்தர் இல்லையா? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

கோபம் எதற்கு? நியாயமான கேள்விதான். நீங்கள் அடுக்கிய வசனங்கள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் கட்சிக்கு இன்னும் வலுவான சாட்சி ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள், அதை நானே எடுத்துத் தருகிறேன். லேவியராகமம் 25ஆம் அதிகாரம். ஐம்பதாம் ஆண்டில் கைமாறிப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும், வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் வீடு திரும்ப வேண்டும் என்று சொல்லும் யூபிலி சட்டம் அங்கேதான் இருக்கிறது. அதே அதிகாரத்தின் 44 முதல் 46 வரையுள்ள வசனங்களைப் படித்தால், அந்நிய ஜாதியாரை அடிமையாக வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்றும் இருக்கிறது. விடுதலைச் சட்டத்தின் நடுவிலேயே அடிமைச் சட்டம். கானான் தேசத்தைப் பிடிக்க யோசுவா நடத்திய படையெடுப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் குடியேறிய வெள்ளையர்கள் தங்களை இஸ்ரவேலராகவும் அந்த மண்ணின் ஜனங்களைக் கானானியராகவும் வைத்துப் படித்தது அந்தப் பக்கங்களைத்தான்.

ஆகவே பைபிள் முழுக்க ஒரே குரலில் பேசுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குள்ளேயே ஒரு வழக்கு நடக்கிறது. அரண்மனைக்காகப் பேசுகிற குரலும் உண்டு, செங்கல் அறுக்கிற களத்திலிருந்து வருகிற குரலும் உண்டு. இரண்டாவது குரல் பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னது என்கிறீர்கள். அந்தக் குரலைக் கண்டு முதலில் பயந்தவர்கள் யார் என்று பார்த்தால், மோஸ்தர் என்று சொல்ல உங்களுக்கே கொஞ்சம் தயக்கம் வரும்.

1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள நீக்ரோ அடிமைகளின் உபயோகத்துக்காகப் பரிசுத்த வேதாகமத்திலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள் என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். இப்போது அதை 'அடிமை பைபிள்' என்கிறார்கள். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய பாதி இல்லை. மோசே ஜனங்களை எகிப்திலிருந்து அழைத்துக்கொண்டு வெளியேறும் கதை இல்லை. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற கலாத்தியர் வசனம் இல்லை. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் மொத்தமாகவே இல்லை. அண்ணன்மாரால் விற்கப்பட்டு, எகிப்தில் எஜமானுக்கு உண்மையாக உழைத்து முன்னுக்கு வந்த யோசேப்பு இருக்கிறான். நீங்கள் சொன்ன வேலைக்காரர் வசனமும் பத்திரமாக இருக்கிறது.

இது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கான சுருக்கப் பதிப்பு, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. சரி, சுருக்கப் பதிப்பு என்றே வைத்துக்கொள்வோம். யோசேப்பு எகிப்துக்குள் போகிற கதைக்கு இடம் இருக்கிறது, மோசே வெளியே வருகிற கதைக்கு மட்டும் இடம் போதவில்லை என்றால் அது என்ன கணக்கு? அச்சிட்டது லண்டன் ஆயர் ஒருவர் தொடங்கிய மிஷன் சங்கம். தோட்ட முதலாளிகள் தங்களை உள்ளே விட வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. பைபிளை ஏழைகளின் பக்கத்திலிருந்து படிக்கிற விடுதலை இறையியல் என்ற பேச்சு கிளம்ப இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. எந்தப் பக்கங்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது.

டெமராராவில், அதாவது இன்றைய கயானாவில், 1817இல் போய் இறங்கிய ஜான் ஸ்மித் என்ற மிஷனரியிடம், அடிமைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தால் நாடு கடத்திவிடுவேன் என்று கவர்னர் சொன்னார். ஸ்மித்தும் ஜாக்கிரதையான ஆள்தான். ஆதியாகமத்தில் ஆபிரகாமுக்குத் தேசத்தைத் தருவதாகக் கடவுள் சொல்லும் பகுதியை வாசிக்காமல் தாண்டிப் போனதாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். அவ்வளவு பயந்தவரையும் விடவில்லை. 1823இல் அங்கே கலகம் வெடித்தபோது அவர்மேல் பழியைப் போட்டு மரண தண்டனை விதித்தார்கள். அடுத்த வருஷம் சிறையிலேயே இறந்துபோனார்.

ஜமைக்கா கதை இன்னும் சுவாரசியம். சாமுவேல் ஷார்ப் ஓர் அடிமை, பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். எழுதப் படிக்கத் தெரிந்தவர். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும், கூலி கொடுக்காமல் வேலைக்கு இறங்குவதில்லை என்பது அவர் போட்ட திட்டம். ஜெபக்கூட்டங்களில் அவர் எடுத்துப் பேசிய வசனம், "இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய ஒருவனாலும் கூடாது" என்பது. நமக்கு இதைப் பண ஆசைக்கு எதிரான புத்திமதியாகத்தான் பிரசங்கம் பண்ணியிருக்கிறார்கள். எஜமானைத் தினமும் சவுக்கோடு பார்க்கிறவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? வேலைநிறுத்தம் கலகமாக மாறி, தோட்டங்கள் எரிந்தன. 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டது சண்டையில் அல்ல, விசாரணை என்ற பெயரில் நடந்த தண்டனைகளில். ஷார்ப்பை 1832 மே 23 அன்று தூக்கிலிட்டார்கள். 1833இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அவரைப் பிற்பாடு ஜமைக்கா தன் தேசிய வீரர்களில் ஒருவராக அறிவித்தது.

அப்புறம், பழைய ஏற்பாடு. இஸ்ரவேலரை அடிமையாக வைத்திருந்த எகிப்து ராஜா பார்வோன் கெட்டவன் என்பதோடு கதை நின்றிருந்தால் அதில் பெரிய விசேஷமில்லை. எதிரி ராஜாவைத் திட்டாத ஊர் எது? தங்கள் சொந்த ராஜாவையே பார்வோனாக எழுதிவைத்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்களுக்கு ராஜா வேண்டும் என்று வந்து நின்றவர்களிடம் சாமுவேல் தீர்க்கதரிசி என்ன சொல்கிறார் பாருங்கள். அவன் உங்கள் பையன்களைத் தேருக்கும் உழவுக்கும் பிடித்துக்கொள்வான், உங்கள் பெண்களைச் சமைக்கவும் அப்பம் சுடவும் கூட்டிப்போவான், நல்ல வயலாகப் பார்த்துப் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமையாவீர்கள் என்கிறார். மூன்றாவது ராஜாவிலேயே அது பலித்துவிடுகிறது.

சாலொமோன் ஆலயம் கட்டிய கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். கேதுரு மரம், பொன் தகடு எல்லாம் சொல்வார்கள். ஆள் கணக்கை மட்டும் சொல்ல மாட்டார்கள். அது 1 ராஜாக்கள் 5இல் இருக்கிறது. இஸ்ரவேல் முழுவதிலிருந்தும் 30,000 பேரைப் பிடித்து, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்புகிறான். ஒரு மாதம் காட்டில், இரண்டு மாதம் வீட்டில். சுமை தூக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர். எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை, பழைய நூல்கள் எண்களில் தாராளம் காட்டும். ஆனால் நாலு அதிகாரம் தள்ளி 9இல் போனால், இஸ்ரவேலரில் ஒருவரையும் சாலொமோன் அடிமை வேலைக்கு வைக்கவில்லை, அவர்கள் எல்லாரும் படைவீரரும் அதிகாரிகளுமாக இருந்தார்கள் என்று வருகிறது. அரண்மனை வெளியிட்ட செய்திக்குறிப்பு மாதிரி இல்லை? அதே அதிகாரத்தில் அவன் கட்டிய நகரங்களின் பட்டியலில் பண்டசாலை நகரங்களும் வருகின்றன. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் பார்வோனுக்காக இவர்களுடைய முன்னோர்கள் கட்டியதும் அவற்றைத்தான்.

அதற்குப் பிறகு 12ஆம் அதிகாரம். சாலொமோன் போய்ச் சேர்ந்தபின் ஜனங்கள் சீகேமுக்கு வந்து மகன் ரெகொபெயாமிடம், உங்கள் அப்பா வைத்த நுகம் பாரமாக இருந்தது, அதைக் கொஞ்சம் குறையுங்கள், நாங்கள் உங்களுக்கு வேலை செய்கிறோம் என்கிறார்கள். கேட்டது அவ்வளவுதான். அவனோ பெரியவர்கள் பேச்சைத் தள்ளிவிட்டு, கூட வளர்ந்த வாலிபர்கள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறான். அப்பா சவுக்கால் தண்டித்தார், நான் தேளால் தண்டிப்பேன். (என் சுண்டுவிரல் அப்பாவின் இடுப்பைவிடப் பருமன் என்றும் அவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை மட்டும் ஜனங்கள் முன்னால் சொல்லாமல் விழுங்கிவிடுகிறான். அவ்வளவு புத்தியாவது இருந்திருக்கிறது.) வேலைக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பிலிருந்த அதோராமை அனுப்புகிறான். ஜனங்கள் அவனைக் கல்லெறிந்தே கொன்றுவிடுகிறார்கள். ராஜ்யம் இரண்டாக உடைகிறது.

ஒரு பதிப்பாசிரியர் நினைத்திருந்தால் 5ஆம் அதிகாரத்தை 9க்கு ஏற்றபடி திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. இந்த நூல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் என்பதுதான் அறிஞர்களின் பொதுவான கருத்து. ஒரு பேரரசிடம் தோற்று, ஊரையும் ஆலயத்தையும் பறிகொடுத்தவர்கள் உட்கார்ந்து தொகுத்த சரித்திரம். பாபிலோனை நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்திருக்கலாம். அவர்கள் தங்கள் ராஜாக்களின் குற்றப்பட்டியலையும் சேர்த்து வைத்தார்கள்.

இராயனின் காசுக்கு வருகிறேன். இடம் எருசலேம், காலம் பஸ்காவை ஒட்டிய நாட்கள். பஸ்கா என்பதே ஒரு பேரரசிடமிருந்து தப்பி வந்ததைக் கொண்டாடும் பண்டிகை. கி.பி. 6இல் ரோமர்கள் யூதேயாவில் குடிமதிப்பு எடுத்தபோது, வரி கொடுப்பது அடிமைத்தனம் என்று கலிலேயா யூதாஸ் கலகம் செய்திருந்தான். அந்தச் சூட்டில்தான் இயேசுவைச் சிக்கவைக்க வந்தவர்களிடமிருந்து கேள்வி வருகிறது: இராயனுக்கு வரி கொடுக்கலாமா, கூடாதா? கொடு என்றால் ஜனம் விட்டுப்போகும், கொடுக்காதே என்றால் ரோமாபுரி பிடித்துக்கொள்ளும். இயேசு தன் கையிலிருந்து காசு எடுக்கவில்லை, கொண்டுவாருங்கள் என்கிறார். அவர்களிடம் அது இருக்கிறது. அந்தக் காலத்துத் தெனாரியஸ் காசில் திபேரியுவின் முகமும், அவன் தெய்வமான அகஸ்துவின் மகன் என்ற எழுத்தும் இருக்கும். விக்கிரகம் கூடாது என்பவர்கள் அதை மடியில் முடிந்துகொண்டு ஆலயத்துக்குள் நிற்கிறார்கள். தேவனுடையதைத் தேவனுக்குக் கொடுங்கள் என்ற மறுபாதியையும் சேர்த்துக் கேட்ட யூதனுக்கு, தேவனுடையது அல்லாத நிலம் எது, ஆள் எது என்ற கேள்வி வராமல் இருக்காது.

இது என் வியாக்கியானம் என்று நீங்கள் சொல்லலாம். லூக்கா 23ஐப் பாருங்கள். ரோம ஆளுநர் பிலாத்துவிடம் அவர்கள் கொடுக்கும் புகாரே, இவன் "ராயனுக்கு வரிகொடுக்கவேண்டுவதில்லையென்றும்" சொல்லி ஜனங்களைக் கலகப்படுத்துகிறான் என்பதுதான். பொய்ப் புகார் என்றே இருக்கட்டும். அந்தப் பதிலை வைத்து அப்படி ஒரு புகார் கொடுக்க முடிந்தது. கொடுத்த தண்டனையும் கல்லெறி இல்லை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர்கள் வைத்திருந்த சிலுவை.

ரோமர் 13 விஷயத்தில் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பவுல் அதை எழுதியிருக்கிறார், நீரோ ஆட்சியில், ரோமாபுரிக்கே எழுதியிருக்கிறார். அவரே பல தடவை சிறைக்குப் போனவர் என்பதை மட்டும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக்கு இந்த அதிகாரம்தான் கவசமாக இருந்தது. 1985இல் அங்குள்ள இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணம் என்று ஒன்றை வெளியிட்டு, அப்படிப் படிப்பதை 'அரசு இறையியல்' என்று பெயர் சொல்லியே கண்டித்தார்கள். அரசு தன் கடமையை விட்டுக் கொடுமையில் இறங்கும்போது எதைப் படிப்பது என்றால், வெளிப்படுத்தின விசேஷம் 13ஐப் படியுங்கள் என்றார்கள். அங்கே அரசு சமுத்திரத்திலிருந்து ஏறிவரும் மிருகம். அதே புத்தகத்தின் 18இல் அந்த மகா நகரத்தின் வியாபாரிகள் தங்கள் சரக்கு விற்கவில்லையே என்று அழுகிறார்கள். பொன், வெள்ளி, முத்து, தந்தம், திராட்சரசம், கோதுமை, ஆடுமாடு, குதிரை என்று போகிற பட்டியல், அடிமைகளிலும் மனுஷருடைய ஆத்துமாக்களிலும் போய் முடிகிறது. 1807 பதிப்பில் இதற்கு இடமில்லாமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கப்பல் விஷயமும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நேராக இல்லை. ஆங்கிலக் கம்பெனி 1813 வரைக்கும் தன் பகுதிகளில் மிஷனரிகளைப் பெரும்பாலும் வரவிடாமல் பார்த்துக்கொண்டது, அதனால்தான் வில்லியம் கேரி டேனிஷ்காரர்களின் செராம்பூரில் போய் உட்கார்ந்தார். டேனிஷ்காரர்கள் மட்டும் ரொம்ப நல்லவர்களா என்றால், தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்குவை 1708இல் அவர்களுடைய தளபதியே பிடித்து நாலு மாதம் உள்ளே வைத்தார். பின்னால் சபையும் சர்க்காரும் நன்றாகவே ஒத்துப்போய்விட்டன, அதையும் மறைக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்டு வளர்ந்த பிரசங்கம் அந்த ஒத்துப்போன காலத்தின் பிரசங்கம்.

பைபிள் வீட்டில் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். 1 ராஜாக்கள் 5, 9, 12 மூன்று அதிகாரங்களையும் ஒரே உட்காரலில் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் சபை ஐயர் ரோமர் 13ஐ எடுத்தால், வெளிப்படுத்தின விசேஷம் 13இல் எப்போது பிரசங்கம் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்