ஆவரசைப் பிடுங்கி நடாதீர்கள்

கேள்வி: எங்கள் வளவு முழுக்க மணல். ஆவணி மாதம் வந்தால் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். தண்ணீர் கேட்காத பூச்செடி என்று ரோட்டோரத்து ஆவரசை இரண்டு தரம் பிடுங்கி வந்து நட்டேன், இரண்டும் பட்டுப்போனது. விதை போட்டேன், முளைக்கவில்லை. என்ன பிழை ஐயா?
– திருக்கோவில் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் மணலில் பிழையில்லை. ஆவரசு மழையில்லாத மாதங்களைத் தாங்குவது ஆணிவேரால். முழங்கால் உயரக் கன்றைப் பிடுங்கும்போது அந்த வேர் அறுந்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிழைப்பது அரிது.

விதையில் இருந்தே தொடங்குங்கள். பழுப்பாகிக் காய்ந்த காயை உடைத்து எடுத்த விதையை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். அந்தத் தோலுக்குள் தண்ணீர் இறங்காததால்தான் முளைக்கவில்லை. சீமெந்துத் தரையில் ஒவ்வொரு விதையின் பக்கவாட்டையும் நாலைந்து தரம் உரசி, இரவு ஊறப்போடுங்கள். விடியற்காலையில் ஊதிப் பருத்தவற்றை மட்டும் எடுங்கள். பருக்காதவற்றைத் திரும்ப உரசுங்கள்.

உங்கள் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழா முடிந்த கையோடு இதைச் செய்தால் காலம் சரியாக இருக்கும். ஆழமான பொலித்தீன் பையில் மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்து, பைக்கு இரண்டு விதை, விரல்நுனி ஆழத்தில். வேர் பையின் அடியைத் தொட்டுச் சுருளும் முன், ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும், பையைக் கீறி வேர் கலையாமல் நடுங்கள். செடிக்குச் செடி 4 அடி விடுங்கள்.

இதில் கவனம் வேண்டியது மாரிதான். கோடையைத் தாங்கும் இந்தச் செடி, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் சாகும். ஒரு அடி உயரம் மேடு கட்டாமல் நடவே வேண்டாம். முதல் கோடையில் மட்டும் கிழமைக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். உவர்த் தண்ணீர் கன்றுக்கு வேண்டாம். அடுத்த வருடம் கோடையின் வறண்ட கச்சான் காற்று அடித்தாலும் அது தன்பாட்டில் நிற்கும். பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிட்டால் புதர் அடர்ந்து, அடுத்த பூ நிறைய வரும்.

பூத்த காலையில் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரிய கருவண்டு பூவைப் பிடித்து 'உம்' என்று அதிரவைக்கும், மகரந்தம் தூளாய்க் கொட்டும். தேன் இல்லாத பூ அது; வண்டு வருவது அந்தத் தூளுக்காகத்தான். இலையில் பச்சைப் புழுக்களைக் கண்டால் மருந்து அடித்துவிடாதீர்கள். அநேகமாக அவை வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள். நன்றாக வேர்பிடித்த செடி தின்ற இலையைத் திரும்பத் துளிர்க்கும். கன்று மிகச் சிறிதாக இருந்தால் புழுவைக் கையால் எடுத்து, காட்டு ஆவரசில் விட்டுவிடுங்கள்.