பனீர் வடித்த தண்ணீரிலிருந்து லாக்டிக் அமிலம் எடுத்து விற்பது சிறுதொழிலாகக் கட்டுப்படியாகுமா?

தினமும் நூறு லிட்டர் பாலில் பனீர் தயாரிப்பதாகவும், வடியும் தண்ணீரைச் சாக்கடையில் விட மனமில்லை என்றும், அதை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்கி விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காவேரிப்பட்டணத்துக்கு அருகில் ஏறக்குறைய அதே அளவில் பனீர் தயாரித்து ஓசூர்ச் சாலை உணவகங்களுக்குக் கொடுத்து வருகிறேன். உங்கள் ஆசை எனக்கும் இருந்தது. அமிலத்தை உண்டாக்குவது எளிது, அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதில்தான் பணம் கரைகிறது என்பதே என் அனுபவம்.

முதலில் கணக்கு. நூறு லிட்டர் பாலுக்கு எண்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் வடியும். அதில் லிட்டருக்கு 45 முதல் 50 கிராம் வரை லாக்டோஸ், அதாவது பால்சர்க்கரை இருக்கிறது. பாக்டீரியா ஒரு மூலக்கூறு லாக்டோஸை நான்கு மூலக்கூறு லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் எடையளவில் ஏறக்குறைய முழுச் சர்க்கரையும் அமிலமாகலாம். நடைமுறை இழப்பு போக, எண்பது லிட்டரில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் எதிர்பார்க்கலாம். அதே சர்க்கரைதான் இந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு ஆகாததாக்குகிறது: வீட்டுக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் என்றால், இதற்கு முப்பதாயிரத்தையும் தாண்டும். நான் தொடக்கத்தில் தென்னையடியில் ஊற்றி, ஒரே மாதத்தில் மண் புளித்து, பக்கத்து வீட்டாரிடம் பேச்சு வாங்கியவன்.

புளித்த பாலில் இந்த அமிலத்தை வேதியியலாளர் ஷீலே கண்டறிந்தது 1780இல். நொதித்தல் வழியாக வணிக அளவில் தயாரிப்பது 1881இல் அமெரிக்காவில் தொடங்கியது. முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற தயிர் பாக்டீரியாவுக்கு 42 முதல் 45 டிகிரிச் சூடு வேண்டும். எனது முதல் டிரம்மில் வீட்டுத் தயிரைக் கரைத்து மார்கழிக் குளிரில் வெறுமனே வைத்தேன். மூன்றாம் நாள் மேலே வெள்ளை ஆடை படர்ந்து, கள் வாடை அடித்தது. ஈஸ்ட் முந்திக்கொண்டது. பிறகுதான் வழி புரிந்தது: பனீர் வடிக்கும்போதே தண்ணீர் எழுபது டிகிரிக்குக் குறையாத சூட்டில் வருகிறது. அதை அப்படியே சுத்தமான டிரம்மில் பிடித்து மூடி, சாக்கு சுற்றி வைத்து, 45 டிகிரிக்கு இறங்கியதும் உறை ஊற்றினால் விறகுச் செலவே இல்லை.

புளிப்பு கூடக் கூடக் குறையும் அளவான பி.எச். நான்குக்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா தான் உண்டாக்கிய அமிலத்திலேயே தளர்ந்துவிடும். பெரும்பகுதிச் சர்க்கரை அப்படியே நிற்கும். அதனால்தான் ஆலைகளில் சுண்ணாம்புத் தூளைச் சேர்த்து 5.5க்கும் 6க்கும் இடையே நிறுத்துகிறார்கள். பனீருக்காகப் பாலைக் கொதிக்கும் நிலைக்குச் சூடேற்றும்போது தண்ணீரில் தங்கவேண்டிய புரதத்தில் பெரும்பகுதி பனீரோடு போய்விடுவதால், பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் ஊட்டமும் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி பிரிப்பது. சுண்ணாம்பு சேர்த்ததால் கையில் இருப்பது அமிலம் அல்ல, கால்சியம் லாக்டேட் கரைசல். ஒருமுறை அதை அண்டாவில் மூன்றில் ஒரு பங்காகக் காய்ச்சி இரவு முழுக்க ஆற வைத்தேன். காலையில் பழுப்புத் தண்ணீருக்குள் வெள்ளைப் பருக்கைகள் திரண்டிருந்தன. பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் அதிலிருந்து அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் வேண்டும். ஒரு கிலோ லாக்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஜிப்சம் கழிவாக விழும். ஒரு கழிவை ஒழிக்கப் போய் இன்னொன்றைச் சேர்த்த கதை. அதன்பிறகும் நான்கு விழுக்காட்டுக் கரைசலை எண்பது விழுக்காடாக்க, அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் பத்தொன்பது லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால் மிச்சச் சர்க்கரை கருகி நிறம் கெடும். வெற்றிடக் கொதிகலன் நம் அளவுக்குக் கட்டாது. கரும்புச் சர்க்கரையிலும் மக்காச்சோள மாவிலும் பெரும் ஆலைகள் தயாரிக்கும் அமிலத்தோடு விலையில் போட்டியிடவும் இயலாது. மேலும், லாக்டிக் அமிலம் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற எல், டி என்ற இரு வகைகளில் உண்டு. அதிலிருந்து செய்யும் மட்கும் பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது எல் வகை. பல்கேரிகஸ் தருவதோ டி வகை.

ஆகவே விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, நான் இப்போது செய்வது இதுதான். சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல், ஒரு விழுக்காடு அமிலம் வரும்வரை ஒரு பகுதித் தண்ணீரை மட்டும் புளிக்கவைத்து, மறுநாள் பாலைத் திரிக்கச் சிட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக அதையே ஊற்றுகிறேன். லிட்டர் பாலுக்குக் கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஒரு விழுக்காடு வந்துவிட்டதா என்று அறிய, பினாப்தலின் என்ற நிறங்காட்டியைச் சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு வரும்வரை காஸ்டிக் சோடா கரைசலைச் சேர்த்துப் பார்க்கும், பாலுக்குச் செய்யும் அதே ஆசிடிட்டி சோதனை போதும். புளித்த தண்ணீரால் பாலைத் திரிப்பது வங்காளத்து இனிப்புக் கடைகளில் பழைய வழக்கம். பனீரும் மிருதுவாக வருகிறது. இதனால் வடியும் தண்ணீரின் அளவு குறைந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை அன்றன்றே, புளிக்குமுன், மாட்டுத் தவிட்டில் கலக்கிறேன். முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், இல்லையென்றால் மாட்டுக்குக் கழிச்சல் காணும். உறையை வாரம் ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். அதே தண்ணீரையே உறையாகத் தொடர்ந்தபோது மூன்றாவது வாரத்தில் எனக்கு மறுபடி கள் வாடை வந்தது.