வாசகர் கேள்வி-பதில்: இங்கிலாந்து வீட்டுக்கு எந்த ரேடியேட்டர்?

கேள்வி (மார்த்தாண்டம் வாசகி): என் மகள் நர்ஸ். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பழைய வரிசை வீடு ஒன்று வாங்கியிருக்கிறாள். முன்னறை ரேடியேட்டர் துருப்பிடித்து ஒழுகுகிறது. இணையத்தில் மலிவாக ஒரு 'காலம் ரேடியேட்டர்' பார்த்தாளாம். 6,000 பிடியூ என்று போட்டிருக்கிறது. அறை 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.4. ஒரு சுவர் மட்டும் வெளிப்பக்கம், அதில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஒன்று. வாங்கலாமா?

பதில்: பாய்லரில் காய்ந்த வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனம்தான் ரேடியேட்டர். இந்தக் 'காலம்' நேரமல்ல, ஆங்கிலத்தில் தூண். உருண்டைக் குழாய்கள் தூண்தூணாக நிற்கும் ரகம். விலையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அறைக்கு எத்தனை வாட் சூடு வேண்டும் என்று தெரியவேண்டும்.

வெளியே மைனஸ் 3, உள்ளே 20 என்று வையுங்கள். வித்தியாசம் 23 டிகிரி. வெளிச்சுவரின் பரப்பு 9.6 சதுர மீட்டர், ஜன்னல் 1.8 போக 7.8. நடுவில் இடைவெளி விட்டுக் கட்டி, பஞ்சு அடைக்காத இரட்டைச் சுவர் என்றால் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரிக்கு 1.5 வாட் வெளியேறும்: 7.8 × 1.5 × 23 = 269. பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8: 1.8 × 2.8 × 23 = 116. தரைக்கு 0.7 எனக் கொண்டால் 14 × 0.7 × 23 = 225. இடுக்குகள் வழியே மணிக்கு ஒரு முறை அறைக்காற்று முழுவதும் மாறுவதாகக் கொண்டால், ஒரு கன மீட்டர், ஒரு டிகிரிக்கு 0.33 வாட்: 0.33 × 33.6 கன மீட்டர் × 23 = 255. மேலே சூடான படுக்கையறை, பக்கத்தில் சூடான அண்டை வீடு. அங்கே இழப்பு இல்லை. மொத்தம் 865. குளிர்ந்து கிடக்கும் அறை சீக்கிரம் சூடேற 15 சதவீதம் கூட்டினால் 1,000 வாட்.

இடைவெளியே இல்லாத 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் 1.5-க்குப் பதில் 2.1 போடவேண்டும். லீட்ஸின் பழைய வரிசை வீடுகளில் இதுவும் நிறைய உண்டு; சுவரின் கனத்தை மகளை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வீடு வரிசையின் கடைக்கோடியில் இருந்தால் பக்கச் சுவரையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

இனி அந்த 6,000 பிடியூ. இது சூட்டுக்கான பழைய பிரிட்டிஷ் அளவு; 3.412-ஆல் வகுத்தால் 1,758 வாட். தாராளம் என்று தோன்றும். ஏமாறுகிற இடமே இதுதான். ரேடியேட்டருக்குள் ஓடும் நீரின் சராசரி வெப்பத்துக்கும் அறை வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 'டெல்டா டி' என்பார்கள். ஐரோப்பிய நெறிப்படி 50 டிகிரிக்கு வாட் சொல்லவேண்டும்: நீர் 75-ல் போய் 65-ல் திரும்ப, அறை 20. சில கடைகள் 60 டிகிரிக்கான எண்ணைப் பெரிய எழுத்தில் போடும், அதை 0.79-ஆல் பெருக்கினால்தான் 50-க்கான அளவு கிடைக்கும். உங்கள் மகள் பார்த்தது 60-க்கான எண் என்றால் உண்மையில் 1,390 வாட்.

அதோடு முடியவில்லை. புகையிலுள்ள நீராவியின் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் இப்போதைய கண்டென்சிங் பாய்லருக்குத் திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் எரிவாயு மிச்சமாகும். 65-ல் போய் 55-ல் திரும்பினால் டெல்டா டி 40, பெருக்கல் 0.75; அந்த ரேடியேட்டர் 1,040 வாட் தரும், அறைக்குச் சரியாகப் போதும். 55-ல் போய் 45-ல் திரும்பும்படி இறக்கினால் டெல்டா டி 30, பெருக்கல் 0.515, 715 வாட்தான், கடுங்குளிர் நாளில் போதாது. பின்னாளில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை எடுத்து, இப்படிக் குறைந்த சூட்டு நீரில் ஓடும் மின்கருவி) போடும் எண்ணம் இருந்தால், 1,000-ஐ 0.515-ஆல் வகுத்து, இப்போதே டெல்டா டி 50-க்கு 1,940 வாட் உள்ளதாக வாங்கவேண்டும்.

600 மில்லிமீட்டர் உயரத்தில், ஆழத்தில் மூன்று குழாய் உள்ள ரகம், பக்கவாட்டில் கோத்துக்கொண்டே போகும் ஒரு செக்‌ஷனுக்கு சுமார் 65 வாட் தரும். நான்கு குழாய் என்றால் சுமார் 85. ஒரு செக்‌ஷன் அகலம் ஏறக்குறைய 46 மில்லிமீட்டர். 1,940 வாட்டுக்கு மூன்று குழாயில் 30 செக்‌ஷன், அதாவது 1.38 மீட்டர் நீளம்; நான்கு குழாயில் 23 போதும், 1.06 மீட்டர். ஜன்னலுக்கு அடியில் எது அடங்கும் என்று டேப் வைத்துப் பார்க்கட்டும்.

மலிவா என்பதற்கு எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: விலையை, 50 டிகிரிக்கான வாட்டால் வகுங்கள். கிடைமட்டமான வெள்ளை நிற மைல்ட் ஸ்டீல் ரகம் பெரும்பாலும் முந்தும். ஆளுயரச் செங்குத்து ரகமும் அடர்சாம்பல் நிறமும் அழகுக்கான காசு. தகட்டு ரேடியேட்டரில் இரட்டைத் தகடும், இடையே சூடு பரப்பும் மடிப்புத் தகடு இரு வரிசையும் உள்ள 'டைப் 22', 600 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1,700 வாட் வரை தரும். வாட்டுக்கு விலை அதில்தான் குறைவு. விருந்தாளி உட்காரும் முன்னறைக்குத் தூண் ரகம், படுக்கையறைகளுக்கு டைப் 22 என்று பிரித்தால் செலவு அடங்கும். பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டரை எடைக்கு வாங்கும் யோசனை வேண்டாம்; செக்‌ஷன் இணைப்பில் கசிந்தால் பிரித்துச் சேர்க்கும் கூலியிலேயே புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்.

வால்வுகள் பெரும்பாலும் தனி விலை. பழைய குழாய்களின் இடைவெளியும், புதிய ரேடியேட்டர் நீளத்துடன் இரு பக்க வால்வும் சேர்ந்த அளவும் ஒத்துப்போகவேண்டும். இல்லையென்றால் தரைப்பலகையைப் பெயர்க்க நேரும். தண்ணீரோடு சேர்ந்து கனம் ஏறும். சுவர் ஜிப்சம் பலகை என்றால் பாதம் வைத்த மாடல் நல்லது. எரிவாயு பாய்லரைத் திறந்து வேலை செய்ய அதற்குப் பதிவு பெற்ற ஆள் வேண்டும். ரேடியேட்டர் மாற்றுவதைச் சாதாரண பிளம்பரே செய்யலாம்.

கேள்வி (குலசேகரம் வாசகி): பேறுகாலத்துக்காக மகளோடு பர்மிங்ஹாமில் இருக்கிறேன். அறை 21 டிகிரி காட்டுகிறது. ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்தே கிடக்கிறது. ரேடியேட்டர் போதவில்லையா?

பதில்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில்தான் உருகும். 21-ல் உறைந்திருப்பது இயல்பு. அதைப் பார்த்து ரேடியேட்டரை ஏற்றினால் எரிவாயு பில்தான் ஏறும். குழந்தையின் துணியை ரேடியேட்டர்மேல் காயப்போடுகிறீர்களா? துணி மூடிய இடத்தில் சூடு அறைக்குச் சரியாக வராது. ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் ஆவியாகி, ஜன்னலோரத்தில் வியர்த்து, மூலைச் சுவரில் கறுப்புப் பூஞ்சையாக வரும். தனிக் கொடியில் போட்டு, அந்த அறைக் கதவை மூடி, ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): அயர்லாந்தில் இருக்கும் மருமகன் புது தூண் ரேடியேட்டர் மாட்டினார். மேல்பாதி குளிர்ந்தே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை காற்றை எடுத்துவிட்டாலும் திரும்ப அப்படியே ஆகிறதாம்.

பதில்: மேலே குளிர்ந்தால் காற்று, அடியில் குளிர்ந்தால் துருச் சேறு, மொத்தமும் குளிர்ந்தால் வால்வு அல்லது நீர்ப் பங்கீடு. காற்றை எடுக்கும்போது ஹீட்டிங்கை நிறுத்தி, மேல்முனைத் திருகைச் சாவியால் அரைச்சுற்று இடப்பக்கம் திருப்பி, சீறல் நின்று நீர் சொட்டியதும் மூடவேண்டும். பிறகு பாய்லரின் அழுத்தமானியைப் பார்க்கவேண்டும். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்கவேண்டும்.

வாராவாரம் சேர்வது வெறும் காற்றாக இருக்காது. உள்ளே இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும். அதுதான் மேலே ஏறி நிற்கும். புது ரேடியேட்டர் மாட்ட நீரை வடித்தபோது அரிப்புத் தடுப்புத் திரவமும் போயிருக்கும். திரும்ப ஊற்றியிருக்க மாட்டார். வடித்த நீர் கறுப்பாக இருந்தால் முதலில் அலசி, பிறகு பாட்டிலில் சொன்ன அளவு ஊற்றவேண்டும். அழுத்தமும் வாராவாரம் இறங்குகிறதென்றால் எங்கோ கசிவு. இணைப்புகளின் கீழே காகிதம் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (தக்கலை வாசகர்): மகன் எடின்பரோவில் வாடகை அறையில் படிக்கிறான். இங்கிருந்து 2,000 வாட் எண்ணெய் ஹீட்டர் வாங்கி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். இரு நாட்டிலும் 230 வோல்ட்தான், ஆனால் நம் 16 ஆம்பியர் பிளக் அங்கே நுழையாது. பயண அடாப்டரில் மாட்டினால் 8.7 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடி அடாப்டர் உருகும். எக்ஸ்டென்ஷன் பலகையும் கூடாது. சுவர் சாக்கெட்டில் நேராக மாட்டவேண்டும். அங்கேயே வாங்கட்டும். விலை கூடிய ஹீட்டர் அதிகச் சூடு தரும் என்பது விளம்பரம்; ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் சூடுதான் தரும். 2,000 வாட் நிற்காமல் 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட். அங்கே எரிவாயு யூனிட்டின் விலை மின்சாரத்தில் சுமார் கால்பங்கு. அதனால் அறையில் ஏற்கெனவே உள்ள ரேடியேட்டர் ஏன் சூடாகவில்லை என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.