முன்களத்தில் ஆடியவர் நல்ல பயிற்றுவிப்பாளராக வர முடியுமா?

“கோல் அடித்தே பெயரெடுத்த முன்கள வீரர் ஒருவர் பின்னாளில் சிறந்த பயிற்றுவிப்பாளராக வர முடியுமா, அப்படி வந்தவர்கள் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் அது இலேசில் நடப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றின் கழகத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்களத்தில் உதைபந்தாடிவிட்டு, இப்போது அதே மைதானத்தில் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பழக்குகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணத்தைச் சொல்கிறேன். அவர் ஜேர்மனியரான யுப் ஹைன்கஸ்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போய் மொன்ஷன்கிளாட்பாக் நகருக்கு அருகில் குடியேறிய என் சித்தப்பா. ஹைன்கஸ் அந்த நகரத்துப் பிள்ளை. 1945இல் அங்கேதான் பிறந்தார். அந்த நகரத்துக் கழகமான போருசியா மொன்ஷன்கிளாட்பாக் எழுபதுகளில், முதலில் ஹென்னஸ் வைஸ்வைலரின் பயிற்சியிலும் பிறகு உடோ லாட்டெக்கின் பயிற்சியிலும், ஐந்து முறை ஜேர்மனிய லீக்கை வென்றபோது அவற்றுள் நான்கில் இவருக்கும் பங்கு இருந்தது. 369 லீக் ஆட்டங்களில் 220 கோல்கள் அடித்தவர். 1974இல் 30 கோல்களுடன் கேர்ட் முல்லரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஈஎஃப்ஏ கிண்ணத்தின் 1975 இறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், நெதர்லாந்தின் ட்வென்டே அணியின் சொந்த மைதானத்திலேயே மூன்று கோல்களைப் போட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர்.

சித்தப்பா தொலைபேசியில் அலுக்காமல் சொல்லும் கதை 1978 ஏப்ரல் 29ஆம் திகதி நடந்த ஆட்டத்தைப் பற்றியது. பருவத்தின் கடைசி நாளில் கிளாட்பாக்கும் கொலோனும் சம புள்ளிகளில் நின்றன. ஆனால் கோல் வித்தியாசத்தில் கொலோன் பத்துக் கோல்கள் முன்னே இருந்தது. கிளாட்பாக் அன்று டோர்ட்முண்டை 12 - 0 என்று வென்றது. அதுவே ஹைன்கஸின் கடைசி லீக் ஆட்டம். அதில் அவர் அடித்தவை ஐந்து. அப்படியிருந்தும் கொலோன் தன் ஆட்டத்தை 5 - 0 என வென்றதால் மூன்று கோல் வித்தியாசத்தில் பட்டம் அங்கே போய்விட்டது. (எங்கள் ஊரில் 12 - 0 என்றால் மத்தியஸ்தர் முதற்கொண்டு எல்லோர் மீதும் சந்தேகம் வரும். அங்கேயும் வந்ததாம்.)

இத்தகைய ஒருவர் 1979இல், முப்பத்து நான்கு வயதில், அதே கழகத்தின் பயிற்றுவிப்பாளரானார். எட்டு ஆண்டுகள் இருந்தும் ஒரு கிண்ணமேனும் கிடைக்கவில்லை. 1980 யூஈஎஃப்ஏ கிண்ண இறுதியில் வெளிமைதானத்தில் அடித்த கோல்களின் கணக்கால் தோல்வி. 1984 ஜேர்மனியக் கிண்ண இறுதியில் பயேர்ண் மியூனிக்கிடம் சமநிலை தவிர்ப்பு உதைகளில் தோல்வி. பின்னர் பயேர்ணுக்கே போய் 1989இலும் 1990இலும் லீக்கை வென்றார் என்றாலும் 1991இல் நீக்கப்பட்டார். கோபம் வந்தால் முகம் சிவந்துவிடும் என்பதால் மின்குமிழ் நிறுவனத்தின் பெயரால் ‘ஒஸ்ராம்’ என்று அவரைப் பட்டம் தெளித்தார்கள். 1994இல் பிராங்போர்ட் அணிக்குப் பொறுப்பேற்றபோது, லீக்கில் அதிக கோல் அடித்தவர்களுள் ஒருவரான அன்ரனி யெபோவாவுடனும் ஒக்கோச்சாவுடனும் முரண்பட்டு, அந்தப் பருவம் முடியும் முன்பே அவரும் வெளியேறினார்.

கோல் அடிக்கத் தெரிந்தவருக்குக் கோல் அடிப்பவர்களோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்பது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. நானே பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் விளங்கியது. முன்கள வீரனின் காரியம் பெரும்பாலும் சொல்லில் அடங்காதது. பந்து எங்கே விழும் என்று அவன் யோசிப்பதில்லை, கால் முந்திப் போய்விடும். முதல் மாதம் ஒரு பையனிடம், “அதிலை நிண்டு அடியடா” என்று கத்தினேன். “எதிலை அண்ணை?” என்று அவன் கேட்டான். என்னால் விளக்க முடியவில்லை. அந்த இயலாமையைக் கோபமாக்கி அவன் மேல் கொட்டினேன். பின்கள வீரர்களாக இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு என்று நினைக்கிறேன். அவர்கள் ஆடும் காலத்திலேயே முழு மைதானத்தையும் பார்த்துக்கொண்டு, மற்றவர்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்.

1998இல் றியல் மட்ரிட்டுக்கு 32 ஆண்டுகளின் பின் ஐரோப்பியக் கிண்ணத்தை (இன்றைய சம்பியன்ஸ் லீக்) பெற்றுக் கொடுத்தும், லீக்கில் நான்காமிடம் என்பதால் அந்தப் பருவத்தோடு ஹைன்கஸை அனுப்பிவிட்டார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிட 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளைப் பற்றி.

2012 மே மாதம், ஹைன்கஸ் மீண்டும் பயிற்றுவிப்பாளராக இருந்த பயேர்ண், தன் சொந்த மைதானத்தில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியில், 83ஆவது நிமிடத்தில் முன்னிலை பெற்றும் 88ஆவது நிமிடத்தில் ட்ரொக்பாவின் தலையால் அதை இழந்து, சமநிலை தவிர்ப்பு உதைகளில் செல்சியிடம் தோற்றது. அந்தப் பருவத்தில் லீக்கிலும் ஜேர்மனியக் கிண்ணத்திலும் கூட அவர்களுக்கு இரண்டாமிடம்தான். அப்போது அணியின் முன்களத்தில் நின்ற மரியோ கோமஸ் லீக்கில் மட்டும் 26 கோல்கள் அடித்திருந்தார். எதிரணியின் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் நின்று, வருகிற பந்தை முடித்துவைக்கிற வகை. ஏறக்குறைய இளவயது ஹைன்கஸின் தொழில். வேறொருவராக இருந்தால் கோமஸைத் தொட்டிருக்கமாட்டார். அடுத்த பருவத் தொடக்கத்தில் கோமஸ் காயமடைய, புதிதாக வந்த குரோஷியரான மன்ஜூகிச் அந்த இடத்தில் இறங்கினார். எதிரணியின் பின்களம் பந்தை எடுத்த கணத்திலேயே துரத்தத் தொடங்குபவர் அவர். கோமஸ் குணமாகித் திரும்பிய பின்பும் ஹைன்கஸ் பெரும்பாலும் மன்ஜூகிச்சையே இறக்கினார். இரு பக்கங்களிலும் முன்களத்தில் ஆடிய ரிபெரியும் ரொபனும் கூடத் தம் பக்கத்துப் பின்கள வீரனுக்கு உதவத் திரும்பி ஓடினார்கள். அந்தப் பருவம் முழுவதும் லீக்கில் பயேர்ண் வாங்கிய கோல்கள் 18 மட்டுமே. எடுத்த புள்ளிகள் 91. சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சலோனாவை இரண்டு ஆட்டங்களிலுமாக 7 - 0 என்று வீழ்த்தி, வெம்பிளியில் நடந்த இறுதியில் டோர்ட்முண்டை 2 - 1 என வென்று, லீக்கையும் ஜேர்மனியக் கிண்ணத்தையும் சேர்த்து மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்தார்கள். ஜேர்மனியக் கழகம் எதுவும் அதற்கு முன் செய்யாதது அது. ஹைன்கஸுக்கு அப்போது வயது 68.

என் கணிப்பில், 220 கோல் அடித்த மனிதர் தன்னைப் போன்றவனை வாங்கில் இருத்தத் துணிந்ததுதான் அவர் முழுமையான பயிற்றுவிப்பாளரான இடம். கோமஸும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஜேர்மனியக் கிண்ண இறுதியில் வாய்ப்புக் கிடைத்தபோது ஸ்ருட்கார்ட்டுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார்.

ஹைன்கஸ் செய்ததைப் பற்றிப் படித்துவிட்டு எங்கள் அணியில் அதிகம் கோல் அடிக்கும் பையனை நானும் திரும்பி ஓடச் சொன்னேன். இரண்டாம் கிழமை அவனுடைய தகப்பனார் மைதானத்துக்கு வந்து, “தம்பி, என்ரை பெடியனை ஏன் பின்னுக்கு விடுறீர்?” என்று கேட்டார். இருபது வருடங்களுக்கு முன் என்னை யாராவது அப்படி ஓடவிட்டிருந்தால் என் அப்பாவும் அதையேதான் கேட்டிருப்பார்.