இடுப்புக் குடைச்சலுக்கு ஸ்பாஞ்ச் மருந்தா?

கேள்வி: வயது 47. தக்காளி மொத்த வியாபாரம். வாரத்தில் ஐந்து நாள் ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் பழைய காரை ஓட்டிப் போய் வருகிறேன். சீட் நடுவில் குழிந்துவிட்டதால் மேலே மூன்று அங்குல ஸ்பாஞ்ச் திண்டு போட்டேன். முதல் வாரம் சுகமாக இருந்தது. இப்போது இடுப்பும் வால் எலும்பும் முன்பைவிட அதிகமாக வலிக்கின்றன. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் அந்தத் திண்டை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் மரப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் புட்டத்துக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். இருபுறமும் ஓர் எலும்பு உருண்டையாகத் தட்டுப்படும். உட்காரும்போது பாரத்தைத் தாங்க வேண்டியவை அவையும் தொடைகளும்தான். குழிந்த சீட்டில் இடுப்பு பின்னால் சரிகிறது; கீழ்முதுகின் உள்வளைவு காணாமல் போகிறது; பாரம் வால் எலும்பில் இறங்குகிறது. மேலே போட்ட ஸ்பாஞ்சும் அதே குழிக்குள்தான் அமுங்குகிறது. உயரம் மட்டும் கூடுகிறது. அதனால் சீட் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றின் மேல் ஏறிவிடும். விபத்தில் அது ஆபத்து.

நானும் ஒரு காலத்தில் இலவம்பஞ்சுத் தலையணையைப் போட்டு ஓட்டியவன்தான். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது தலையணையும் நானும் சேர்ந்தே முன்னால் வழுக்கினோம். அன்றோடு விட்டேன்.

குஷன் கடையில் உறையைப் பிரித்து, அடியிலுள்ள ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொய்ந்திருந்தால் முதல் வேலை அதுதான். பிறகு, கட்டை விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்காத கெட்டியான ஃபோமைக் குழியின் அளவுக்கு வெட்டி, பழைய குஷனுக்கு அடியில் வைக்கட்டும். முழங்காலைவிட இடுப்பு தாழக் கூடாது. சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே மூன்று விரல் நுழைய வேண்டும். வால் எலும்பு படும் இடத்தில், பின்புறம் நடுவில், சிறிய வெட்டு விட்டால் உங்களுக்கு நல்லது. கடைக்காரர் மெத்தென்று இருக்கட்டும் என்பார், கேட்காதீர்கள். வேலை முடிந்து சீட்டைத் திரும்ப வாங்கும் முன் கால் மணி நேரமாவது அதில் உட்கார்ந்து பாருங்கள்.

முதுகுச் சாய்வை 100 முதல் 110 டிகிரிக்குள் வையுங்கள். பேண்ட்டுக்குப் பெல்ட் கட்டும் உயரத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும், விலையுயர்ந்த திண்டு வேண்டாம். மண்டிக்குப் போகிறவர் என்பதால் கேட்கிறேன்: பின்பாக்கெட்டில் பணக்கட்டை வைத்துக்கொண்டா ஓட்டுகிறீர்கள்? ஒரு பக்க இடுப்பைத் தூக்கிவிட அதுவே போதும்.

ஸ்கேன் இப்போது அவசியமில்லை. ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். காலில் வலுக்குறைவு, சிறுநீர் கழிப்பதில் சிரமம், தொடை இடுக்கில் மரத்துப்போதல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, நம் தர்மபுரி மாவட்டத்துக்காரர் என்பதால். ஓட்டாத நாளிலும் காலையில் முதுகு விறைத்து, குனியவே முடியவில்லையா? பல காலம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவரா? அப்படியானால் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு உப்பு எலும்பில் படிவதால் வரும் பாதிப்பையும் பார்க்க வேண்டும். அதற்கு மாற்றாகக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. அதற்கு முன் எலும்பில் படிந்தது எந்தக் குஷனுக்கும் அசையாது.

சீட் வேலை முடிந்ததும் கண்ணாடிகளைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள். உட்காரும் உயரம் மாறியிருக்கும்.