டி.சி.யை மட்டும் வாங்கீராதீங்க: ஒரு சிறப்பாசிரியரின் பதில்கள்

கே: பையனுக்கு 9 வயசு. அறிவுசார் குறைபாடு 75 சதம்னு சான்று. "சிறப்புப் பள்ளிக்கே கூட்டிட்டுப் போயிருங்க"ங்கறார் ஹெச்.எம். (கோபி)

ப: அதை முடிவு பண்றது நீங்க, அவரில்லீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31ஆம் பிரிவைக் காட்டுங்க. 40 சதத்துக்குக் குறையாத குறைபாடுன்னா 6 முதல் 18 வயசு வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியாங்கறது உங்க விருப்பம். அவர் முடியாதுன்னா, அதை எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. டி.சி.யை மட்டும் வாங்கீராதீங்க.

கே: மூணாங்கிளாஸ்ல பொண்ணு சும்மா உக்காந்துட்டு வர்றா. உக்காரவெச்சாப் போதுமுங்களா? (பெருந்துறை)

ப: போதாதுங்க. மத்ததுக 48ஐ 6ஆல வகுக்கறப்போ, உங்க பொண்ணுக்கு 12 புளியங்கொட்டையும் மூணு மூடியும் குடுக்கச் சொல்லுங்க. மூடிக்கு நாலு வருதான்னு பக்கத்துல இருக்கற புள்ள பாக்கட்டும். பழகினதும் கொட்டைக்குப் பதிலா ஒத்த ரூபா காசு. பாடம் ஒண்ணுதான், அளவுதான் வேற. அப்புறம், "நோட்டை எடுத்து, தேதி போட்டு, கணக்கை எழுது"ன்னா அது மூணு வேலை. முதல் வேலையோட நின்னுருவா. எடுத்ததும் அடுத்ததைச் சொல்லோணும். வட்டார வள மையச் சிறப்பாசிரியர் வர்ற அன்னிக்கு இதையெல்லாம் கிளாஸ் டீச்சரோட உக்காந்து திட்டம் போடட்டும். புள்ளையைத் தனியா வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போயி அ, ஆ எழுதவெச்சா வகுப்புக்குள்ள ஒண்ணும் மாறாது.

கே: ஐக்யூ 52. பத்தாவது பாஸாவானா? (தாராபுரம்)

ப: நம்பரை வெச்சு ஜோசியம் சொல்றதில்லீங்க. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் எல்லாம் கேக்கலாம்; பள்ளி மூலமா முன்கூட்டியே எழுதிக் குடுங்க. ஒத்துவரலைன்னா என்.ஐ.ஓ.எஸ்.ங்கற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்குது. ரிசல்ட் கெடும்னு ஒன்பதாவதுல டி.சி.யை நீட்டுவாங்க. வாங்காதீங்க.

கே: இதுகளால எங்க புள்ளைக படிப்பு கெடுதே? (திருப்பூர்)

ப: "இதுக"ளா? எப்படிக் கெடுதுன்னு ஒரு உதாரணம் சொல்லுங்க.

திருப்பூர்க்காரர்: 45 பேருக்கு ஒரே டீச்சர். அவனையே பாத்துட்டிருந்தா?

பல்லடத்து அம்மா: எம் பொண்ணு பக்கத்துப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தே வாய்ப்பாடு படிச்சாளுங்க!

ப: அம்மிணி சொல்றது நடக்கும். ஆனா அதை வெச்சு டீச்சர் பத்தலைங்கறதை மூடக்கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில 30 பேருக்கு ஒருத்தர் வேணும். அண்ணா, உங்க கோவம் நாயமானது. காட்டற எடம்தான் தப்பு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல இன்னொரு டீச்சரைக் கேளுங்க, பெஞ்சுல இருக்கற பையனை எழுப்பாதீங்க.

கே: டி.சி. வாங்கிட்டோம்... (பொள்ளாச்சி)

ப: அதைக் கொண்டுபோயி இன்னிக்கே பக்கத்துப் பள்ளியில புள்ளையைச் சேத்துருங்க. வீட்டுல வெச்சிருக்காதீங்க.

கே: ஞாபகசக்திக்கு லேகியம்? (அவினாசி)

ப: டாக்டரைக் கேளுங்க.

கே: பையனுக்கு 18 ஆனா அவனுக்காகக் கையெழுத்து யாரு போடறது? (ஈரோடு)

ப: உங்களைச் சட்டப் பாதுகாவலரா நியமிக்கச் சொல்லி, கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர் அளவிலான குழுவுக்கு மனுப் போடுங்க.